நிற்கிற வண்டியில் ஓடுகிற பிரிட்ஜ்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சார், நீங்கள் ரயில்வேயில் எலெக்ட்ரிகல்தானே? எங்கள் மாப்பிள்ளை நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறார். காருக்குள் வைக்கிற சின்ன பிரிட்ஜும் வாங்கிவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க அதை ஓட்டலாமா?" என்று கேட்டார்.

"பிரிட்ஜ் ஓடும். காலையில் வண்டிதான் ஓடாது" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் அனுபவித்தது.

சில வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத் தொடக்கம். மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் பண்டார்தரா பக்கத்துக் காடுகளில் மின்மினிகள் மரம் மரமாக அப்பிக்கொண்டு மின்னும். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று மகன் கிளம்பினான். வெள்ளிக்கிழமை அம்பர்நாத்திலிருந்து கல்யாண், ஷஹாபூர், கசாரா காட், இகத்புரி, கோட்டி (நெல்லைக்காரர்கள் சிரிக்கக் கூடாது, ஊரின் பெயரே அதுதான்) வழியாகப் போய், மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் கூடாரம் அடித்தாயிற்று. 1926-இல் கட்டி முடித்த வில்சன் அணை தேக்கிய ஏரி அது. ஜீப்பின் பின் சீட்டை மடித்து 40 லிட்டர் பிரிட்ஜை வைத்திருந்தான். அதில் பால், தயிர், தோசை மாவு, பிள்ளைகளுக்குச் சாக்லேட்; எல்லாவற்றுக்கும் அடியில் என் மனைவியின் இன்சுலின். அது எவ்வளவு தப்பான இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். பிரிட்ஜின் ஒயர் டாஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருந்தது.

சனிக்கிழமை இரவு மின்மினி பார்த்தோம். அதை எழுதிக் காட்ட எனக்கு வராது. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மனைவி ஊசி மருந்து எடுக்கப் போனாள். பிரிட்ஜின் விளக்கு அணைந்து கிடந்தது. மகன் சாவியைத் திருகினான். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அப்பா, செல்ப் எடுக்க மாட்டேங்குது."

மனைவி என்னைப் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிக்கு பேட்டரி பார்த்தேன்னு சொல்வீங்களே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

என்ன நடந்தது என்பதை எனக்குப் பழக்கமான ரயில் பெட்டியை வைத்தே விளக்குகிறேன்.

பழைய மாதிரி சாதாரண ஸ்லீப்பர் பெட்டியின் அடியில் 110 வோல்ட் டி.சி. பேட்டரி ஒன்று தொங்கும். 120 ஆம்பியர் அவர் கொள்ளளவு. சக்கரத்தின் அச்சிலிருந்து பெல்ட் போட்டு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் ஒன்று சுழலும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் விளக்கையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டு பேட்டரியையும் நிரப்பும். வண்டி நின்றால் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில். பெட்டி 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 6 மணி நேரத்தில் பேட்டரி காலி. நடைமுறையில் அதற்கு முன்பே விளக்கு மங்கி, மின்விசிறி சோர்ந்து, பயணிகள் கார்டைத் தேடிப் போவார்கள்.

ஆனால் பெட்டியின் பேட்டரி எவ்வளவு காலியானாலும் ரயில் கிளம்புவது நிற்காது. டீசல் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புவதற்கு இன்ஜினுக்குள்ளேயே வேறு பேட்டரி இருக்கிறது. கிளப்புகிற பேட்டரி இன்ஜினோடு, விளக்கெரிக்கிற பேட்டரி பெட்டியோடு. இரண்டையும் யாரும் சேர்த்துக் கட்டுவதில்லை. மகனுடைய ஜீப்பில் இரண்டு வேலைக்கும் ஒரே பேட்டரி. இன்ஜினின் பேட்டரியை வைத்துப் பெட்டிக்கு விளக்கெரித்த கதைதான் அங்கே நடந்தது.

கிளப்புகிற பேட்டரியின் உள்ளமைப்பே வேறு. செல்ப் மோட்டாருக்குச் சில விநாடிகள் மட்டும் 200, 300 ஆம்பியர் தேவை. அவ்வளவு கரண்டை ஒரே மூச்சில் கொடுக்க, மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். கொடுத்தது போனதும் ஆல்டர்னேட்டர் உடனே திருப்பி நிரப்பிவிடும். அதன் வாழ்நாளில் அது பாதி காலியாவதே அபூர்வம். அதை மெதுவாகச் சுரண்டிக் காலி செய்தால் தகடுகள் சீக்கிரம் கெடும். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரிக்குத் தகடு தடிமன். பொறுமையாகக் கொடுக்கும், பொறுமையாக வாங்கிக்கொள்ளும். ஒன்று நூறு மீட்டர் ஓட்டக்காரன், மற்றது மூட்டை சுமப்பவன்.

இனி கணக்கு. கம்ப்ரசர் உள்ள சிறிய பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 முதல் 60 வாட் வரை எடுக்கும். 12 வோல்ட்டில் 4 அல்லது 5 ஆம்பியர். எங்களுடையது 4. நாள் முழுக்க அது ஓடாது. உள்ளே குளிர்ந்ததும் நிற்கும், சூடேறியதும் ஓடும். கோடைப் பகலில் பாதி நேரம் ஓடுகிறது, இரவில் மூன்றில் ஒரு பங்கு ஓடுகிறது என்று வையுங்கள். சனிக்கிழமைப் பகல் 12 மணி நேரத்தில் 24 ஆம்பியர் அவர். இரண்டு இரவும் சேர்த்து இருபத்துநாலரை மணி நேரத்தில் சுமார் 33. மொத்தம் 57. எங்கள் பேட்டரியின் மேல் எழுதியிருந்தது 70.

"மிச்சம் 13 இருக்கிறதே, அப்பா?" என்று மகன் கேட்டான். எழுதியிருந்தது புதுப் பேட்டரிக்கு. இது மூன்று வருடப் பேட்டரி. உண்மையில் 13 மிச்சமிருந்தாலும் அதற்கு ஆழம்தான் உண்டு, வேகம் கிடையாது. செல்ப் மோட்டார் 200 ஆம்பியர் கேட்ட கணமே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். 'டிக் டிக்' என்பது அந்தச் சத்தம்தான். பாதிக்கு மேல் காலியான பேட்டரியை நம்பி டீசல் வண்டியில் காட்டுக்குள் படுக்கக் கூடாது.

இப்படி ஆகாமல் தடுக்க பிரிட்ஜிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. பேட்டரியின் வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பிரிட்ஜ் தானாக நின்றுவிடும். பெரும்பாலானவற்றில் தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று நிலைகள். தாழ்வில் வைத்தால் சுமார் 10 வோல்ட் வரை உறிஞ்சிவிட்டுத்தான் விடும். உயர்வில் வைத்தால் 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்று, வண்டி கிளம்புவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். எங்கள் பிரிட்ஜ் எந்த நிலையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொருத்திக் கொடுத்த கடைக்காரர், "தாழ்வில் வைத்தால் நிறைய நேரம் ஓடும் சார்" என்றாராம். அதுவும் உண்மைதானே!

உயர்வில் வைத்தால் வேறொரு தொல்லை வரும்: பேட்டரி நன்றாக இருக்கும்போதே பிரிட்ஜ் நின்றுவிடும். காரணம் ஒயர். ஈய பேட்டரி முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். ஏறக்குறைய காலியானால் 11.8. நிறைவுக்கும் காலிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை. பேட்டரியிலிருந்து பின் சீட்டுக்கு 5 மீட்டர். போக வர 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 4 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். பிரிட்ஜோ பேட்டரிதான் இளைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே பிரிட்ஜுக்கென்று பேட்டரியிலிருந்தே தடித்த ஒயராக இழுக்க வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் பிடிப்பு தளர்ந்து சூடாகும், மேடு பள்ளத்தில் பிளக் கழன்று வரும். சில வண்டிகளில் சாவியை எடுத்ததும் அதில் கரண்டும் நின்றுவிடும்.

தனி ஒயர் போடும்போது பியூஸை மறக்காதீர்கள். அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், பிரிட்ஜின் பக்கத்தில் அல்ல. பியூஸ் காப்பாற்றுவது பிரிட்ஜை அல்ல, ஒயரை. ஜீப்பின் தகட்டில் உரசி ஒயரின் மேல்தோல் கிழிந்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதில் பாயும். பெட்டிகளுக்கு அடியில் கருகிய ஒயர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்று காலைக்குத் திரும்புவோம். பக்கத்துக் கூடாரத்தில் நாசிக்கிலிருந்து வந்த மராத்திக் குடும்பம். அவர்கள் தங்கள் வண்டியை முட்டுக்கு முட்டு கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் ஒயர் கொடுத்தார்கள். ரயில் பெட்டியிலும் இதே வழக்கம் உண்டு. ஒரு பெட்டியின் பேட்டரி படுத்துவிட்டால் அடுத்த பெட்டியிலிருந்து இணைப்புக் கொடுத்து விளக்கெரிக்க வெளியே முனைகள் வைத்திருப்பார்கள். ஜம்பர் மாட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சிவப்பு ஒயரைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்த வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியின் மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். அதனால்தான் இந்த ஜாக்கிரதை.

பிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே 12 டிகிரி. மனைவி ஊசி போட்டுக்கொண்டாள், ஆனால் திறக்காத இரண்டு குப்பிகளைப் பற்றி வீடு வரும் வரை கவலை. டாக்டரைக் கேட்டதில், சில மணி நேரம் 12 டிகிரியில் இருந்ததால் ஒன்றும் ஆகாது என்றார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும். எத்தனை டிகிரி வரை, எத்தனை நாள் என்பது அட்டையில் அச்சிட்டிருக்கும். சூட்டைவிட ஆபத்து உறைவது. ஒரு முறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தச் சின்ன பிரிட்ஜ்களில் உலோகச் சுவரை ஒட்டிய இடமும் அடிப்பகுதியும்தான் அதிகக் குளிர். நாங்கள் குப்பிகளை வைத்திருந்தது அங்கேதான்! இப்போது துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, மேல் கூடையில் வைக்கிறோம். பயன்பாட்டில் உள்ள குப்பி பிரிட்ஜுக்குப் போவதே இல்லை. ஈரத் துணி சுற்றிய சின்ன மண் கலயத்தில் நிழலில் இருக்கிறது. தக்காண பீடபூமியின் வறண்ட வெயிலில் கலயம் நன்றாக வேலை செய்யும். நம் பம்பாய்ப் புழுக்கத்தில் செய்யாது.

தடுப்பூசி கொண்டுபோகும் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒரு பாடம் உண்டு. அவர்களுடைய பெட்டியில் மின்சாரமே கிடையாது, ஐஸ் பைகள்தான். ஆனால் உறைந்த பையை அப்படியே உள்ளே வைக்க மாட்டார்கள். வெளியே எடுத்து வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருப்பார்கள். தண்ணீரும் ஐஸும் கலந்திருக்கும் வரை அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது, மருந்தும் உறையாது.

ஐஸ் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 93 வாட் அவர் வெப்பத்தை விழுங்குகிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் நாலைந்து தண்ணீர் பாட்டில்களை வீட்டு பிரீசரில் உறைய வைத்து, பிரிட்ஜில் மற்ற சாமான்களோடு அடுக்கினால், பேட்டரியின் சுமையில் பெரும் பங்கு குறையும். உருகினால் குடிக்கலாம். அதோடு சின்ன பிரிட்ஜை முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் ஓட்டி, சாமான்களோடு குளிர வைத்துவிட வேண்டும். ஏ.சி. பெட்டிகளைப் பிளாட்பாரத்துக்கு அனுப்பும் முன் யார்டில் 415 வோல்ட் வெளி மின்சாரம் கொடுத்துக் குளிரவைப்போம். சூடான பெட்டியைப் பேட்டரியால் குளிர்விப்பது பாவம். குளிர்ந்ததை அப்படியே காப்பதுதான் பேட்டரிக்கு முடிந்த வேலை. வண்டியையும் நிழலில் நிறுத்தி, பிரிட்ஜின் காற்றுத் துவாரங்களைப் போர்வை, பை கொண்டு அடைக்காமல் பாருங்கள்.

இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்குச் சரியான வழி ரயில் வழிதான்: பிரிட்ஜுக்குத் தனி பேட்டரி. வண்டி ஓடும்போது இரண்டும் நிரம்ப வேண்டும், நின்றதும் இரண்டும் பிரிய வேண்டும். இதற்கு வோல்ட்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே ஒன்று கிடைக்கிறது. ஆல்டர்னேட்டர் ஓடி வோல்ட்டேஜ் சுமார் 13.3-க்கு ஏறினால் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். அந்தக் காலத்து ரயில் டைனமோவில் இருந்த கட்-அவுட்டின் பேரன் என்று சொல்லலாம். ஆனால் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு வெளியான வண்டிகள் சிலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்ட்டேஜை அவ்வப்போது குறைத்துக்கொள்கிறது. அவற்றில் இந்த ரிலே குழம்பும். டி.சி.-யிலிருந்து டி.சி.-க்கு மாற்றும் சார்ஜர் போட வேண்டும். விலை அதிகம், வேலை சுத்தம்.

இரண்டாவது பேட்டரி 100 ஆம்பியர் அவர் ஈய வகை என்றால் பாதியைத்தான், அதாவது 50-ஐத்தான் செலவிட வேண்டும். நாளொன்றுக்கு 40 என்ற நம் கணக்கில் ஒரு நாளுக்குச் சற்று மேல். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 வரை எடுக்கலாம். இரண்டு நாள் வரும், எடையும் பாதிக்குக் குறைவு. அதை இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஈய வகையை வண்டிக்குள் வைப்பதானால் மூடி சீல் செய்ததாக இருக்கட்டும். ஆசிட் ஊற்றுகிற இன்வெர்ட்டர் பேட்டரியைப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஏற்றாதீர்கள். ஈய பேட்டரி அரை மணி ஓட்டத்தில் நிரம்பாது. கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் ஏறும். வீடு திரும்பியதும் ராத்திரி முழுக்க சார்ஜரில் போட வேண்டும். காலியாகவே விட்டால் தகட்டில் சல்பேட் இறுகி ஆயுள் போய்விடும்.

100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 30 ஆம்பியர் அவர் கொடுக்கும், தேவையில் முக்கால் பங்கு. ஆனால் நாம் வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னோமே! தகட்டை நீண்ட ஒயரோடு வெயிலில் பரப்ப வேண்டும். மழைக்காலத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

பேட்டரிக்காக ராத்திரி இன்ஜினை ஓட விடுவது சிலருடைய வழக்கம். கூடாரத்தின் பக்கத்திலோ, வண்டிக்குள் படுத்துக்கொண்டோ இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். பிரிட்ஜில் இருக்கும் பால் அதற்குப் பெறாது.

கம்ப்ரசர் இல்லாத மலிவான குளிர்ப்பெட்டிகளும் விற்கின்றன. 1834-இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த தத்துவத்தில், இரண்டு வெவ்வேறு பொருள்களின் சந்திப்பில் கரண்ட் ஓட்டிக் குளிர்விப்பவை. வெளியில் உள்ளதைவிடச் சுமார் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 40 என்றால் உள்ளே 20, மருந்துக்கு உதவாது. அதோடு பெரும்பாலானவை நிற்காமல் 4, 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது.

கோடையில் கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா வழியாக ஊருக்கு ஓட்டிப் போகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பகல் முழுக்க வண்டி ஓடுவதால் பேட்டரி நிரம்பியிருக்கும். இரவு லாட்ஜில் பிரிட்ஜை அறைக்குத் தூக்கிப்போய்ச் சுவர் மின்சாரத்தில் சொருகுங்கள். அதற்கான அடாப்டரை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செம்பூர் நண்பருக்கு நான் அன்று சொன்ன பதிலையும் திருத்த வேண்டும். அவருடைய மாப்பிள்ளை பாவ்னா ஏரிக்கு ஒரே ஓர் இரவுதான் போகிறாராம். மாலை ஆறு முதல் காலை ஏழு வரை 13 மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு ஓட்டம், 4 ஆம்பியர்: சுமார் 17 ஆம்பியர் அவர். ஒரு வருடத்துக்கு உட்பட்ட 70 ஆம்பியர் அவர் பேட்டரி இதைத் தாங்கும். பிரிட்ஜை முந்தின நாளே குளிரவைத்து, பாதுகாப்பை உயர்வில் வைத்து, ஜம்பர் ஒயர் ஒன்றைச் சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டு போகட்டும். ஞாயிறும் தங்கலாம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், காலையில் இன்ஜினைக் கிளப்பி லோனாவ்லா வரை ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது நல்ல ஐஸும் வாங்கி வரலாம்.